அக்கா கொடுத்த பொட்டலம்

மலேசியாவில் எங்கள் பாடாங் செராயில் யாராவது இந்தியாவுக்குக் கிளம்பினால் போதும், பொட்டலங்கள் வந்து சேர்ந்துவிடும். உள்ளே என்ன என்று கேட்பது எங்கள் பக்கம் மரியாதையில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா கட்டிக் கொடுத்ததையும் கேட்காமல்தான் கைப்பையில் வைத்தேன்.

"சென்னையில என் அண்ணன் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவாரு லா, தம்பி" என்றார்.

பினாங்கு விமான நிலைய கவுன்டரில், "எல்லாம் நீங்களே கட்டினதா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

சோதனையில் பையை நிறுத்தினார்கள். "இது என்னண்ணே?" என்றார் தமிழ் அதிகாரி ஒருவர். எனக்குத் தெரியவில்லை. என் முன்னாலேயே பிரித்தார். வாய் கட்டிய சிறு கலயம்; உள்ளே சாம்பல். கூடவே இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும். அக்காவின் கணவர், முனியாண்டி அண்ணன். போன மாதம் அவர் சவப்பெட்டிக்கு நானும் தோள் கொடுத்திருந்தேன்.

"பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. ஆனா உள்ள என்னன்னு தெரியாம இனிமே எதையும் தூக்காதீங்கண்ணே" என்றவர், பழையபடி அவரே கட்டிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அன்று கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருப்பேன். அன்று விமானத்தில் முனியாண்டி அண்ணனை மற்றவர்களின் பைகளோடு மேலே வைக்க மனம் வரவில்லை. சென்னை வரை மடியிலேயே வைத்திருந்தேன்.