இருபதுக்கு இருபது

நான் கல்யாணத்தைப் பற்றிப் பாடம் எடுப்பவள். முப்பத்துநான்கு வயதுவரை கல்யாணம் ஆகாமலே எடுத்தேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. கடலுக்குப் போகாதவன்தானே கரையில் நின்றுகொண்டு வலை வளைக்கிறவனுக்குப் புத்தி சொல்கிறான்.

மன்னார் டவுனில் ஒரு தனியார் கல்லூரி. வெளிவாரிப் பட்டப்படிப்புக்குச் சமூகவியல். கல்யாணமும் குடும்ப உறவும் பற்றிய தடித்த பாடநூல் ஒன்று. எந்த நாட்டிலோ எழுதியதை, யாரோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழாக்கியிருந்தார். உள்ளே ஒரு படம்: கணவன் கோப்பை கழுவுகிறான், மனைவி துடைக்கிறாள், இருவரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். என் வகுப்பில் பாதிப்பேர் விடியவே எழும்பி மீன் வெட்டிச் சமைத்துவிட்டு பஸ் ஏறி வருகிற பெண்கள். அதில் ஒருத்தி அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மிஸ், இந்த மனுசன் ஏன் சிரிக்குது?”

“புத்தகத்தில அப்பிடித்தான்” என்றேன். எல்லாக் கேள்விக்கும் என்னிடம் இருந்த பதில் அதுதான்.

புதுப்பெண் கணவன் வீட்டுக்குப் போவாள், அல்லது இருவரும் தனிக்குடித்தனம் போவார்கள் என்று புத்தகம் சொன்னது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். இது புத்தகத்தில் இல்லை. ஆகவே சோதனையிலும் இல்லை. ஆகவே நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காயை வெட்டிக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ‘துணைத் தேர்வு என்பது வயதுவந்த இருவர் சுதந்திரமாக எடுக்கும் முடிவு’ என்ற வரியை ஆண்டுதோறும் சொல்லி எழுதவைத்தேன்.

அப்போதுதான் என் தம்பியின் விஷயம் வந்தது. அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். முள்ளிக்குளத்துப் பெண் ஒருத்தியை இரண்டு வருடமாக விரும்பியிருக்கிறான். பெண்ணின் தாய் சம்மதித்தார், ஆனால் மாற்றுச் சம்பந்தமாக. அவருக்கு முப்பத்தெட்டு வயதில், கல்யாணமாகாத ஒரு மகன் வீட்டில் இருந்தார்.

“எங்கட பெட்டை உங்கட பெடியனுக்கு. உங்கட பெட்டை எங்கட பெடியனுக்கு. ஒண்டு இல்லையெண்டால் மற்றதும் இல்லை” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

தம்பி என்னிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாய்த் திட்டியிருப்பேன். அவன் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினான். துடைத்த எஞ்சினையே திரும்பத் துடைத்தான். அப்பா இல்லாத வீட்டில் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். “வரச் சொல்லுங்கோ” என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். மகள் கல்யாணத்தைப் பற்றியே படிப்பிக்கிறவள் என்ற பெருமையில், அம்மா அந்தப் புத்தகத்தை மேசையில் கட்லட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“கலியாணத்தைப் பற்றி இவ்வளவு படிச்ச பிள்ளைக்கு ஏன் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை?”

அம்மா இன்னொரு கட்லட் வைத்தார். மாப்பிள்ளை புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு அத்தியாய முடிவில் பொருத்தம் அறியும் வினாக்கொத்து இருந்தது. இருபது கேள்விகள், ஆணுக்கு ஒரு நிரல், பெண்ணுக்கு ஒரு நிரல். தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும். பதினைந்துக்கு மேல் ஒத்துப்போனால் இல்லறம் இனிக்குமாம். மனிதர் பென்சில் கேட்டார். சும்மா இருக்கக் கூச்சப்பட்டுத்தான் கேட்டிருப்பார். ஆனால் தாய் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விடுமுறையில் எங்கே போக விருப்பம், மலைக்கா, கடற்கரைக்கா? “உனக்குக் கடற்காத்து ஒத்துவராது, மலை எண்டு போடு.” எத்தனை பிள்ளைகள்? “நாலு.” வீட்டில் முடிவெடுப்பது யார்: கணவனா, மனைவியா, இருவருமா?

“இதில நான் இல்லையோ?” என்றார் தாய். “பக்கத்தில எழுது.”

அவர் ஓரத்தில் ‘அம்மா’ என்று எழுதினார். பிறகு புத்தகம் என்னிடம் வந்தது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். தம்பி கதவடியில் நின்றான்.

பார்த்து எழுதுகிற மாணவர்களின் தாளை நான் பறித்துக் கிழித்திருக்கிறேன். அன்றைக்கு நான் இருபதையும் பார்த்து எழுதினேன். மலை. நாலு. முடிவெடுப்பது யார் என்றதற்கு, ஓரத்தில் ‘மாமி’. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொல்வார்கள். நாங்கள் சிக்கனக்காரர், இருபதோடு முடித்தோம்.

“இருபதுக்கு இருபது” என்றார் மாப்பிள்ளையின் தாய். “இனி என்ன கதை?”

கோயிலில் கல்யாண அறிவித்தல் வாசிப்பதற்கு முன் பங்குச் சுவாமி இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரிப்பார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார். அறைக்கு வெளியே மர வாங்கில் இருந்தோம். நாங்கள் இருவரும் தனியே இருந்தது அதுதான் முதல் தடவை.

“நான் அம்மா சொன்னதை எழுதினனான். நீங்கள் என்னைப் பாத்து எழுதினனீங்கள்” என்றார் அவர். “அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் அம்மாவோடதான் பொருத்தம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதருக்கு மூளை இருக்கிறதே என்று கொஞ்சம் பிடித்தும் போயிற்று. அவரை உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நான் விருப்பம்தான் எண்டு சொல்லிப்போட்டன். உண்மையைச் சொல்லுறதெண்டால் நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே படிச்சனீங்கள்.”

பிடித்தது அப்படியே வடிந்துபோயிற்று. தன்னால் முடியாததை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறார், துணிச்சல்காரர். யன்னலுக்கு வெளியே, வாசலடியில் தம்பி மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். கையில் போன். அந்தப் பெண்ணோடுதான் கதைத்திருப்பான். சிரித்துக்கொண்டிருந்தான்.

சுவாமி கேட்டார். துணைத் தேர்வு வயதுவந்த இருவர் சுதந்திரமாக எடுக்கும் முடிவு, நானும் அப்படியே எடுத்தேன் என்று சொன்னேன்.

“நல்ல விளக்கமாச் சொல்லுறீங்கள்” என்றார் சுவாமி. கையெழுத்து வைத்தேன்.

தம்பி முள்ளிக்குளத்துக்குப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள், உடம்பும் வைத்துவிட்டது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். என் கணவர் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமி இரண்டு பைகளோடு வந்தார். மகள் வைக்கிற கறி வாய்க்குப் பிடிக்கவில்லையாம். கணவர் கெட்டவர் இல்லை. கோப்பை கழுவுவதில்லை, சிரிப்பதுமில்லை. மலைக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.

போன தவணை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். துணைத் தேர்வு பற்றிய கேள்வி. கட்டுக்கரைப் பக்கத்து வயல்கிராமத்து மாணவி ஒருத்தி, என் குறிப்பை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு எழுதியிருந்தாள். அதையே மூன்று தரம் வாசித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பிள்ளை எழுதியிருக்கு?”

வாசித்துக் காட்டினேன்: “எங்கள் ஊரில் துணையைத் தேர்ந்தெடுப்பது தாய்மார். பிள்ளைகள் ஓம் என்பார்கள். யாராவது கேட்டால், தாங்களே விரும்பியதாகச் சொல்வார்கள்.”

“சரியாத்தானே எழுதியிருக்கு” என்றார் மாமி.

“புத்தகத்தில அப்பிடி இல்லை, மாமி” என்று சொல்லி, சிவப்புப் பேனையால் சைபர் போட்டேன்.