எந்த விலாசத்தைப் போடுவது?

அந்தப் பலகை இப்போது என் அலுமாரிக்குள், அடையாள அட்டைப் பிரதிகளுக்கும் பழைய கூப்பன்களுக்கும் பக்கத்தில் இருக்கிறது. தாள் வைத்து எழுதுவதற்கென்று வெட்டிய மெல்லிய பலகை. மேலே துருப்பிடித்த ஒரு கவ்வி. ஓரத்தில் துளை போட்டு, வலை பொத்துகிற பச்சை நைலோன் நூலால் ஒரு நீலப் பேனையைக் கட்டியிருக்கிறது. ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "உத்தியோகத்தில நான் பறிகொடுத்ததெல்லாம் பேனைதான் தங்கச்சி" என்று சிரித்தார் விதானையார். நான் சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்க வந்தவர் சிரித்தால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும்.

என்னைக் குறை சொல்லாதீர்கள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியதில், மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்தின் இந்தக் கரைத்தீவில் இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து எங்கள் சீவியமே பெயர்ப் பட்டியல்தான். அரிசிக்கு ஒரு பட்டியல், கொட்டிலுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. பிறகு ஊரில் காணி கேட்டுப் போனால், "நீங்கள் புத்தளத்தில் பதிந்த ஆட்கள்தானே" என்பார்கள். இங்கே ஒரு தேவைக்குப் போய் நின்றால், "ஒங்கட ஊருக்குப் போகலாம்தானே" என்பார்கள். அதனால் எங்கள் குடியிருப்பில் யார் முன்னால் ஒரு கடதாசியை நீட்டினாலும், இது என்ன என்று முதலில் கேட்கமாட்டோம். எந்த விலாசத்தைப் போடுவது என்றுதான் கேட்போம். பிழையான விலாசத்தைப் போட்டு உம்மாவின் காணியை நானே இல்லாமல் ஆக்கிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

விதானையார் எங்கள் ஆள் இல்லை. குறிஞ்சிப்பிட்டிக்காரர், பரம்பரையாக இந்தக் கரையில் இருப்பவர். பல வருஷம் எங்களுக்குக் கிராம சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் விதானையார் என்ற பெயர் அவரை விடவில்லை. நல்லது கெட்டது இரண்டுமே அவரிடமிருந்து எங்களுக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடிதம் தந்ததும் அவர்தான். ஒரு தேர்தலுக்கு முந்திய கிழமை, ஒரு வேட்பாளரின் லொறியிலிருந்து கூரைத் தகரம் இறக்கும்போது, கையில் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் வாசித்ததும் அவர்தான். எங்கள் வீட்டுக் கூரையிலும் அந்தத் தகரம்தான் கிடக்கிறது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பலகையோடு சைக்கிளில் வந்தார். முற்றத்துக் கதிரையில் இருந்து தாளைக் காட்டினார். கொழும்பில் சில இளைஞர்கள் சேர்ந்து தயாரித்த மகஜர்.

"தேர்தலுக்கு எவ்வளவு செலவழிக்கிறாங்க, அந்தக் காசு ஆர் குடுக்கிறது, எல்லாத்தையும் வெளியில காட்டச் சொல்லிச் சட்டம் கேக்கிறம். பதவிக்கு வாறவங்கட சொத்து விபரத்தையும் சனம் பாக்கோணும். பாராளுமன்றத்துக்குப் போற கடதாசி இது."

"இவ்வளவு காலமும் எங்க நானா இருந்தீங்க?" என்று கேட்டேன். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் நிமிர்ந்து எங்கள் கூரையைப் பார்த்தார். "அந்தத் தகரத்துக்குப் பேர் வாசிச்சவன் நான்தானே. அதுதான் வந்தன்" என்றார்.

அடேயப்பா, என்ன நடிப்பு என்றுதான் நினைத்தேன். பிரதேச சபைத் தேர்தலுக்குக் கேட்கப் போகிறாராக்கும். இல்லாவிட்டால் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று வெளிநாட்டுக் காசு வருகிறதாக்கும். தாளில் அடையாள அட்டை இலக்கம் எதற்கு? அதை எந்தக் கட்சிக்குக் கொடுக்கப் போகிறார்? அன்றிரவு மூன்று சந்தேகத்தோடு படுத்தவள் விடியும்போது ஏழு சந்தேகத்தோடு எழும்பினேன்.

ஆனால் எங்கள் பெண்கள் அவருக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகளின் கடிதங்கள் அவர்கள் நினைவில் இருந்தன. நான் அப்போது மாதர் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு யோசனை வந்தது. பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். "தாளை என்னிடம் தாங்க நானா, நானே எழுதி வாங்கித் தாறன்" என்று பலகையோடு வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எல்லாரையும் சங்கக் கட்டடத்துக்குக் கூப்பிட்டு, பெயரையும் விலாசத்தையும் என் கையாலேயே வரிசையாக எழுதினேன். அவர்கள் கையெழுத்து மட்டும் வைத்தார்கள். விலாசம் எல்லாம் மன்னார் விலாசம். முப்பது வருஷத்துக்கு முன் விட்டு வந்த ஊர், வீட்டுக்குப் போகும் ஒழுங்கை, கிணற்றடி. எங்கே யார் கேட்டாலும், நாங்கள் அந்த ஊர் ஆட்கள் என்று இருக்கட்டும்.

"நீ வைக்கல்லையா?" என்று அடுத்த வீட்டு ராத்தா கேட்டாள்.

"பிறகு வைப்பன்" என்றேன். வைக்கவில்லை.

விதானையார் தாள்களை வாங்கி, சரிபார்க்காமலே பைக்குள் வைத்தார். எத்தனையோ ஆயிரம் படிவங்களை வரி வரியாகப் பார்த்துத் திருப்பி அனுப்பிய மனுசன். என்னை நம்பியதால் பார்க்கவில்லை. "அல்லாஹ் ஒங்களுக்குப் பரக்கத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்குள் தாள்கள் திரும்பி வந்தன. கொழும்புப் பிள்ளைகளுக்கு எங்கள் கதை எப்படித் தெரியும்? புத்தளத்தில் ஓர் ஆள் வாங்கிய கையெழுத்துகள், விலாசமெல்லாம் மன்னார், எழுத்தெல்லாம் ஒரே கை. வீட்டில் இருந்துகொண்டு தானே எழுதி நிரப்பிவிட்டார் என்று முடிவு கட்டி, இனி நீங்கள் வாங்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை பாலாவிச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. "விதானையார் கள்ளக் கையெழுத்துப் போட்டாராம்" என்று லொறிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். ஆயுள் முழுக்க, இந்தக் கையெழுத்து உண்மை என்று உறுதிப்படுத்தி முத்திரை குத்திய மனுசனுக்கு இந்தப் பெயர். அதற்குப் பிறகு ஜும்ஆத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாக வெளியேறிவிடுவார் என்று என் கணவர் வந்து சொன்னார்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அதே கதிரை. பலகையில் ஒரே ஒரு தாள்.

"தங்கச்சி, இது ஒங்கட எழுத்துதானே? ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். மிச்சத்த நான் அவங்களுக்கு விளங்கப்படுத்துறன்."

அவருக்குத் தெரியாததா? எங்கள் சங்கத்துக் கடிதங்கள் எல்லாம் வருஷக்கணக்காக அவர் மேசைக்குத்தான் போயின. ஓம் என்றால் ஏன் மன்னார் விலாசம் என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி உம்மாவின் காணி விண்ணப்பம் வரைக்கும் போகும் என்று பயந்தேன். அதைவிடக் கேவலமான ஒரு நினைப்பும் வந்தது: தகரக் கதையோடு சேர்த்து இதையும் என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ?

"எனக்குத் தெரியாது நானா" என்றேன்.

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரி தங்கச்சி" என்றார். நான் கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். கோபத்தில் அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சட்டம் வந்தது. எங்கள் தாள்கள் இல்லாமலே வந்தது. அந்த வருஷமே விதானையார் வபாத்தானார். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு அவர் மனைவி இந்தப் பலகையைக் கொடுத்தனுப்பினார். "செயலாளரிட்டக் குடு, அவட ஆக்கள்ட கடதாசி" என்று விதானையார் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். தாள்கள் கவ்வியில் அப்படியே இருந்தன. யாரும் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கவில்லை, அவரும்தான். என் எழுத்தை நானே பார்த்துக்கொண்டு அழுதேன். வெட்கம்தான், வேறென்ன? மன்னார்க் காணி இன்றைக்கும் வரவில்லை.

போன தேர்தலுக்கும் லொறி வந்தது, தகரம் வந்தது. பெயர் வாசிக்க விதானைமார் தேவைப்படவில்லை. கைபேசியோடு ஒரு தம்பி வந்து, தகரம் வாங்கியவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போனான். முடிந்த பிறகு, அந்தச் சட்டப்படி வேட்பாளர்களின் செலவு விபரத்தை யாரும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். நான் நம்பவில்லை. நம்பாததால்தான் பலகையையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் புத்தளம் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். கேட்டவுடன் காட்டினார்கள், அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். சுவரொட்டி இருந்தது, மேடை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. எங்கள் ஊருக்கு வந்த தகரம் மட்டும் இல்லை.

முறைப்பாடு எழுத வேண்டும் என்றேன். தாள் தந்தார்கள். அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து, நூலில் கட்டிய பேனையால் எழுதினேன். விலாசம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. மன்னார் ஒழுங்கையின் பெயர் விரல் நுனிவரை வந்தது. கரைத்தீவு, புத்தளம் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

உத்தியோகத்தர் வாசித்தார். ஏதோ குறிப்பதற்கு என் பேனையை எடுத்து இழுத்தார், நூல் விடவில்லை. பலகையையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தேன்.

"இது ஆரும் எழுதித் தந்ததா? இல்லாட்டி ஒங்கட எழுத்துதானா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "என்ட எழுத்துதான்."

அவர் தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்தினார். இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் குறிஞ்சிப்பிட்டி மையவாடியில் கிடக்கிறார்.