சாம்பல் கோழி இட்ட முட்டைகள்

ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாவது வருஷம் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோழி. அது மிஞ்சியதற்குக் காரணம் அதன் சீக்குதான். மலாயாவில், கூலிம் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் சிப்பாய்கள் வந்து கோழிகளைப் பிடித்துப் போனார்கள். ஒருவன் எங்கள் சாம்பல் கோழியையும் தூக்கினான். நெஞ்சைத் தடவிப் பார்த்தான். எலும்பு அவன் கையில் குத்தியிருக்க வேண்டும். அலகருகே முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, கீழே போட்டுவிட்டான். கோழி எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஒன்னைய அவனுங்களே வேணாம்னுட்டானுங்களே,” என்று அம்மா அதனிடம் சொன்னாள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் அப்பாவையும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவருடைய இரண்டு கால்களும் வாழைத்தண்டு மாதிரி வீங்கிக் கிடந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். வெகுநேரம் அப்படியே இருக்கும். ஆக, எங்கள் வீட்டில் அப்பாவும் கோழியும் ஒரே காரணத்தால் தப்பினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு ஐந்து.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, துரை பங்களாவில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான் அதிகாரி அந்தப் பங்களாவில் குடியேறிய பிறகும் அவர் அதே அடுப்படியில்தான் இருந்தார். முதலில் அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைச் சயாமுக்குக் கொண்டுபோன பிறகு நிலைமை மாறியது. அவரும் அப்பாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அவர் போன மறுவாரம் சித்தப்பா ஒரு மத்தியானம் வாழை இலையில் சோறு பொதிந்து கொண்டுவந்தார். நாங்கள் அரிசிச் சோற்றைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான்.

“ஆளப் புடிச்சிட்டுப் போறவனுக்கு ஆக்கிப் போடுற கை,” என்றார் அப்பா. “அந்தக் கை தொட்டது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

சித்தப்பா பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நடக்க முடியாத அப்பா பாயிலிருந்து தவழ்ந்து வந்து அதைச் சாக்கடையில் தள்ளிவிட்டார். நானும் தம்பியும் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சித்தப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு வாசல் பக்கம் வரவில்லை.

சாம்பல் கோழி கிழடு. முட்டை இட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நார் நாரான லாலாங் புல்லையும் கிழங்குத் தோலையும் தின்று அதன் கழுத்தடியில் இருந்த தீனிப்பை கல்லாக இறுகிப்போயிருந்தது. தண்ணீர் குடித்தால் வாய்வழியாகவே ஒழுகும். புளித்த நாற்றம் வரும். அம்மா அதைக் குழம்பு வைத்து அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்தான் தடுத்தார். “சீக்குக் கோழிய சீக்காளிக்குக் குடுக்காதம்மா. மருந்து எங்கிட்ட ஒண்ணுமில்ல. முட்ட, தவிடு இப்படி ஏதாச்சும் கெடச்சா குடு. இல்லன்னா வீக்கம் நெஞ்சுக்கு ஏறிடும்.”

அம்மா என்னிடம் கோழியை ஒப்படைத்தாள். “மொதல்ல அதுக்குக் கொணமாகட்டும். அப்புறம் குழம்பு வைக்கலாம்.”

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அதில் இருந்த சிக்கல் எனக்கு மறுநாள்தான் புரிந்தது. குணமாகாவிட்டால் கோழி செத்துவிடும். குணமானால் அடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்று நம்பி, மெதுவாக வைத்தியம் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இலையைச் சுருட்டி அலகுக்குள் ஊற்றுவேன். பிறகு மடியில் கிடத்திக்கொண்டு தீனிப்பையைக் கட்டை விரலால் பிசைந்து கொடுப்பேன். முதல் நாள் கோழி என்னைக் கொத்தியது. மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரு வாரத்தில் கல் களிமண் போல இளகியது. பிறகு ஒருநாள் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. வேக வைத்த கிழங்கை மசித்து வைத்ததும் தானாகவே தின்றது. என் வைத்தியம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் பலித்துவிட்டது.

“ஞாயித்துக்கெழம அடிச்சிடலாம்,” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் கொல்லைப்புறம் போனேன். கோழி படுக்கும் கூடையில், வைக்கோலின் மேல், ஒரு முட்டை இருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “அப்படியா? அப்போ அடிக்க வேணாம், இருக்கட்டும்,” என்றாள். அவள் அதிகம் ஆச்சரியப்படாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவித்த முட்டையைப் பார்த்த அப்பா, “ஏது?” என்று கேட்டார்.

“நம்ம கோழி போட்டது. பாப்பாதான் வைத்தியம் பாத்து எழுப்பி விட்டுச்சு.”

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கெட்டிக்காரி,” என்றார். பிறகு சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அநேகமாக எல்லாக் காலையிலும் கூடையில் ஒரு முட்டை இருந்தது. சில நாள் இரண்டு. சில முட்டைகள் வெள்ளையாகவும் சில செம்பழுப்பாகவும் இருந்தன. முட்டையிட்ட கோழி ஊருக்கே கேட்கும்படி கொக்கரிக்க வேண்டும்; எங்கள் கோழி வாயே திறக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “படுத்து எழுந்த கோழி. சத்தம் போடத் தெம்பு இருக்குமா?” என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஒருநாள் சீக்கிரமே விழிப்பு வந்து கொல்லைக்குப் போனபோது, கூடைக்கு முன்னால் சித்தப்பா குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டார்.

“கோழியப் பாக்க வந்திருப்பாரு,” என்றாள் அம்மா. “சீக்கா இருந்துச்சுல்ல. அப்பாகிட்ட சொல்லாத, கோவிச்சுக்குவாரு.”

சித்தப்பாவுக்குக் கோழியின் மேல் அவ்வளவு பிரியம் இருந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

அப்பாவின் கால் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோழிதான் மறுபடியும் சுருண்டது. இந்த முறை தீனிப்பை இல்லை, வயது. ஒருநாள் காலை கூடையில் அது விறைத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டு முட்டைகள் இருந்தன. செத்துக்கொண்டே இரண்டு முட்டை இட்டிருக்கிறது என்று நான் அழுதேன். அம்மா அவசர அவசரமாகப் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டினாள். “அப்பாவுக்குத் தெரியக் கூடாது,” என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகும் முட்டைகள் நிற்கவில்லை. கேட்டதற்கு, எங்கிருந்தோ ஒரு காட்டுக்கோழி வந்து இட்டுவிட்டுப் போகிறது என்றாள். அம்மா சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் வயதில் நான் இல்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அப்பா முதல்முறையாகத் தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைப்புறம் வந்தார். நான் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். அவர் கூடையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். கோழியின் எச்சம்கூட எங்கும் இல்லை. கூடையில் முட்டை மட்டும் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாக்கடையில் எறியப் போகிறார் என்று பயந்தேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

“அம்மாகிட்ட குடு,” என்று என்னிடம் நீட்டினார்.

மறுநாள் காலை முட்டையைத் தின்று முடித்துவிட்டு, “கோழி எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “நல்லா இருக்குன்னு சொல்லு,” என்றாள். நான் அப்படியே சொன்னேன். அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு தினமும் இதைக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. நல்லா இருக்கா, எளச்சுப்போச்சா, பத்திரமா இருக்கச் சொல்லு. கூடை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே, சீக்கில் நினைவு தடுமாறிவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

பிறகு ஒரு வாரம் கூடையில் முட்டை இல்லை. அப்பா ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கேட்க ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கு என்றேன். ஏழாம் நாள் பங்களாவில் கூட்டிப் பெருக்கும் ஒரு அக்கா கொல்லைப்புறமாக வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். முட்டை குறைவதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். முற்றத்தில் வைத்துச் சித்தப்பாவை அடித்தார்களாம். இரண்டு நாள் கழித்துச் சயாம் போகும் கூட்டத்தோடு ஏற்றிவிட்டார்களாம். நானும் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்த நாட்களில் யாராவது சயாமுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா மறுபடியும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“கோழி இல்லங்க,” என்றாள். “சயாமுக்கு ஏத்திட்டாங்க.”

அம்மாவுக்குச் சரியாகப் பொய் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தேன். இனிமேலாவது அப்பா உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நானே முன்வந்தேன். “இல்லப்பா. அது செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பப்பாளி மரத்தடியில பொதச்சோம்.”

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஒரு கிழட்டுக் கோழிக்காக இப்படி அழுகிறாரே என்று எனக்கு ஒரு பக்கம் வெட்கமாகவும் ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. கிட்டே போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சண்டை முடிந்ததும் ஒரு குஞ்சு வாங்கலாம், நானே வளர்க்கிறேன், இந்தத் தடவை சாக விடமாட்டேன் என்றேன். அவர் என் தலைமேல் கையை வைத்தார். அவர் தேறிவிட்டார் என்று நினைத்து, குஞ்சுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன்.