முத்தம்மாவின் இடப்பக்கம்

கடல் கடந்த சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முத்தம்மா அளவுக்கு வேகமாகப் பால்மரம் வெட்ட, பட்டையைக் கீறிப் பால் இறக்க, ஆள் கிடையாது. 1926இல் ஒருநாள் காய்ந்த கிளை ஒன்று முறிந்து அவள் பின்மண்டையில் வலப்பக்கமாக விழுந்தது. மூன்று வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காயம் ஆறிவிட்டது. ஆனால் வீடு திரும்பிய அன்றே வாசல் நிலையில் இடப்பக்கம் மோதிக்கொண்டாள். வேலைக்குப் போனால், இடப்பக்கத்து மரங்களை வெட்டாமலே தாண்டிப் போனாள்.

காயத்துக்கு மருந்து கட்டி வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி டிரெசர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். இடது கண் போய்விட்டது என்று எழுதிவைத்தார். "ஒத்தக் கண்ணோட எத்தன பேரு பொழைக்கிறாங்க" என்று புருஷன் உடையப்பன் தேற்றினான். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஒரு காலையில் வலது கண்ணில் பால் தெறித்தது. கையால் பொத்திக்கொண்டாள். இனி எல்லாம் இருட்டுத்தான் என்று நின்றவளுக்கு எதிரே மரம் தெரிந்தது. செத்துப்போனதாகச் சொன்ன இடது கண்ணில் மரத்தின் வலப்பாதி பளிச்சென்று தெரிந்தது. எரிச்சல் அடங்கியதும் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். அதே பாதிதான். மாற்றி மாற்றிப் பொத்தினாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

"எங்க புள்ள போற?" என்றார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி ராமையா.

"வந்து சொல்றேண்ணே."

ஆஸ்பத்திரி வரை மூச்சு வாங்க ஓடினாள். "ஐயா, ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுலயும் இடப்பாதிதான் இல்ல."

கார்த்திகேசு அவளை உட்கார வைத்தார். "நேரே என்ரை மூக்கைப் பார், பிள்ளை. விரல் தெரிஞ்சா சொல்லு." ஒவ்வொரு கண்ணாக மூடவைத்து, விரலை இடது ஓரத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணிலும் நட்டநடுவைத் தாண்டிய பிறகுதான் தெரியுது என்றாள். எழுந்து போய்த் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார்.

மூளைப் படம். ஒவ்வொரு பாதியிலும் நாலு மடல். முன்மடல் யோசிக்க, பக்கமடல் கேட்க, மேல்மடல் தொட்டு உணர, பின்மடல் பார்க்க என்று காட்டினார். "கண்ணிலையிருந்து வாற நரம்பு வழியிலை பிரியுது. பாதி நூல் மற்றப்பக்கம் தாண்டும், பாதி தாண்டாது. அதாலை ரெண்டு கண்ணும் இடப்பக்கத்திலை காணுறதெல்லாம் வலது பின்மடலுக்குத்தான் போய்ச் சேருது."

முத்தம்மாவின் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. வலப்பக்கத் தழும்பு.

"அப்ப அடிபட்டது கண்ணுல இல்ல."

"இல்லைப் பிள்ளை. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்." பேனாவை எடுத்து, முன்பு எழுதிவைத்ததை அங்கேயே அடித்துத் திருத்தினார்.

ஈப்போவிலிருந்த வெள்ளைக்கார டாக்டருக்கு அன்றே கடிதம் போனது. பத்து வருஷத்துக்கு முந்தைய பெரும்போரில் பின்மண்டையில் குண்டு பட்ட சிப்பாய்களிடம் இதையே பார்த்திருக்கிறேன் என்று பதில் வந்தது. போன பாதி திரும்புவது கடினம், தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்க்கப் பழகட்டும் என்றும் எழுதியிருந்தார். கண்ணுக்கு ஒன்றாக, இடப்பாதி கறுப்படித்த இரண்டு வட்டங்கள் வரைந்திருந்தார்.

"இதேதான்யா நான் பாக்குறது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் முத்தம்மா.

மறுநாளே பழக ஆரம்பித்தாள். ஒரு மரம் வெட்டி முடித்ததும் தோளுக்கு மேலாக இடப்பக்கம் ஒரு திருப்பு, அப்புறம் அடுத்த மரம். ஒரு மாதத்தில் ஒன்றுகூட விடுபடவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களைப் பிடித்து நிறுத்தி, மூக்கைப் பார்க்கச் சொல்லி விரலை ஆட்டிக் காட்டுவாள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. அதையும் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டாள்.