என் மனைவியோடு பேசுகிறவன்

தையல் கடையில் கைக்கு எவ்வளவு வேலையோ, காதுக்கும் அவ்வளவு வேலை. அளவு கொடுக்க வருகிறவர்கள் மாமியார் சண்டை முதல் மகளுக்கு வந்த வரன் வரை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் நிற்கிற ரோட்டில் எங்கள் கடை. தீப்பொறிக்குப் பயந்து கம்பெனிக்குள் நைலான் ஆகாது, பருத்திதான். பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். அந்தச் சட்டைகளை நான் வெட்டித் தைப்பேன். காஜா, பட்டன், வருகிறவர்களிடம் பேச்சு, மூன்றும் என் மனைவி பாண்டிச்செல்வியின் பொறுப்பு.

அவளுக்கு மனச்சிதைவு நோய். இல்லாத குரல் காதில் கேட்கும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு பிழைப்பையும் பார்க்கிற உங்களுக்குப் பயமும் அழுகையும் பழகியிருக்கும். பொறாமையைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு வந்தது அதுதான். அவள் பழையபடி என்னோடு பேச வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தேன். அவளோ வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

போன் என் பையில்தான் இருந்தது

நோய் என்று தெரியாத அந்த நாள்களில், பட்டன் தைக்கும்போது மெதுவாக ஏதோ சொல்வாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், சிரிப்பாள். கல்யாணமான புதிதில் என் பேச்சுக்குச் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. காதில் எதையாவது மாட்டியிருக்கிறாளா என்று, விழுந்த ஊசியைத் தேடுகிற சாக்கில் குனிந்து பார்த்தேன். தோடுதான் இருந்தது. வீட்டில் இருப்பதே ஒரு போன், அதுவும் என் பையில். அப்படியும் எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்றே மனசு சொன்னது.

அப்போது கிழிந்த சட்டையோடு வந்த திரி கட்டுகிற பெண், எதிரெதிரே உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அண்ணாச்சி, இம்புட்டு வருசம் கழிச்சும் அக்கா ஒங்ககூட இப்படிச் சிரிச்சுப் பேசுதாகளே. எங்க வீட்டுல மூஞ்சியப் பாத்துப் பேசவே ஆளில்ல."

பை மூடிய சட்டைகள்

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு மொத்தமாகச் சட்டை ஆர்டர். தைத்து முடித்து மடிக்கப் போனால், எல்லாச் சட்டையிலும் பையின் வாயை அவள் தைத்து மூடியிருந்தாள். கேட்டால், பைக்குள் எவனோ தீப்பெட்டியைப் போடப் பார்க்கிறான், மூடு என்று காதில் சொன்னார்களாம். தலையில் அடித்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். பாதி பிரிக்கும்போது கம்பெனி போர்மேன் வந்துவிட்டார்.

அவர் ஒரு சட்டையை எடுத்துப் புரட்டினார். கம்பெனி கேட்டில் வேலைக்கு வருகிறவர்களின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தே அவர் கை ஓய்ந்துபோயிருந்தது. போனும் பீடியும் வைக்க இடமில்லாத சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பிரித்ததையும் மூடச் சொன்னார். நோய் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது பாராட்டு. "இத்தன வருசமா டெய்லரா இருக்கீரு, ஒமக்கு வராத ரோசன ஒம்ம வீட்டம்மாவுக்கு வந்திருக்கு பாரும்."

யார் வைத்த ரசம்

அடுத்து, நான் சோற்றில் வெடிமருந்தைக் கலக்கிறேன் என்று சாப்பாட்டைத் தள்ளினாள். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா கொடுத்தால் மட்டும் சாப்பிட்டாள். வேறு வழியில்லாமல் நான் சமைத்து, அக்கா வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றி, அவர் கையால் கொடுக்க வைத்தேன். "ரசம்னா இது" என்று என் எதிரிலேயே அக்காவைப் புகழ்ந்தாள். என் ரசத்தின் மேல் எனக்கே பொறாமை வந்தது.

அக்கா வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, நாளைக்கு உப்பக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க. எம்பேரு கெட்டுப்போகும்."

ஆண் குரல்

மாமியார் குறி சொல்லி விபூதி போடுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போனார். விபூதி தீர்ந்தது, குரல் தீரவில்லை. பிறகுதான் விருதுநகரில் மனநல டாக்டரிடம் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னிடம் மாதக்கணக்கில் மனம்விட்டுப் பேசாதவள் அந்தப் பெண்ணிடம் மடமடவென்று கொட்டினாள். ஆண் குரலாம். திட்டுமாம், சில நேரம் வேடிக்கையும் சொல்லுமாம். நான் மூலையில், அளவு கொடுக்க வந்த ஆள் மாதிரி நின்றேன்.

அப்படி யாரும் இல்லை என்று அவளோடு தினமும் மல்லுக்கட்டுவதை நான் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னது: "வாதாடாதீங்க. அவங்களுக்கு அது நிஜமாத்தான் கேக்குது. பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க."

அமைதியான கடை

மாத்திரை ஆரம்பித்ததும் தூங்கித் தூங்கி விழுந்தாள். உடம்பு போட்டது, கை நடுங்கியது. ஊசிகளில் நானே நூல் கோத்து வைத்தேன். எதிர்க்கடையிலும் புருஷன் பெண்டாட்டிதான் டெய்லர்கள். காலையிலிருந்து ஒரே சண்டை. காலர் கோணல் என்பார் அவர், உன் வாய்தான் கோணல் என்பாள் அந்த அம்மா. அந்தச் சண்டைக்காக நான் ஏங்கியதை யாரிடம் சொல்ல?

அங்கிருந்து எங்களிடம் மாறி வந்த ஒரு வாடிக்கைக்காரர், துணியை வைத்துவிட்டு ஆசுவாசமாக உட்கார்ந்தார். "அங்கன தலைவலி தாங்கல. ஒங்க கடையிலதான் நிம்மதி. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்."

வெறிச்சென்று இருந்த நாள்

டாக்டர் மாத்திரையை மாற்றினார். நடுக்கம் குறைந்தது. ஒரு மத்தியானம் அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், உதடு அசையவில்லை. டாக்டர் சொன்னபடி, "பயமா இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தக் குரல் சில நாளாக வரவில்லை என்றாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆனால் அவள் முகத்தில் யாரையோ ஊருக்கு அனுப்பிவிட்டு வந்த வாட்டம். போனவன் மேல் அப்போதும் பொறாமைப்பட்டேன்.

என் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "வெறிச்சுன்னு இருக்குங்க. அந்த மிஷின நிப்பாட்டிட்டு நீங்க ஏதாச்சும் பேசுங்களேன்."

முகம் தெரியாத ஒருத்தன் காலி செய்துவிட்டுப் போன, அவளோடு பேசுகிற வேலையில், அவன் எப்போது திரும்பி வருவானோ என்ற பயத்தோடு, தாலி கட்டிய நான் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்.