அக்காவின் காணியும் அத்தானின் ஜீப்பும்

இதை எழுத நீ யார் என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு பல்லேகலயில் தையல் தொழிற்சாலைக்குப் போனவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாத கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

ஜீப் வந்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கெலிஓயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டு வாசல் வரை இறங்க முடியாமல் அதைக் கோயிலடியில் நிறுத்தியிருந்தார் அத்தான். கரும்பச்சை நிறம், ஆள் உயரம். பூசாரி தேங்காய் உடைத்து, என்ஜினை மூடியிருந்த பானட்டின் மேல் சந்தனம் வைத்தார். சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். சந்தனம் வைத்த அந்த பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"டாக்டரம்மா ஒருத்தங்க பாவிச்ச வாகனங்க. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான் ஓடியிருக்கு" என்றார் ஜீப்பை விற்ற தரகர். இந்த நாட்டில் விலைக்கு வரும் பழைய வாகனம் எல்லாமே ஏதோ ஒரு டாக்டர் பாவித்ததுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தனை டாக்டர்மாரும் நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ.

அத்தான் கட்டார் நாட்டில் ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவராக இருந்தவர். அங்கே அவர் ஓட்டியதும் இதே வகை ஜீப்தான், ஆனால் புத்தம் புதியது. ஊருக்கு வந்ததும் அதேபோல் ஒன்று தனக்கென்று வேண்டும் என்று நினைத்தார். கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்தது இந்தக் கிழடு. அந்தப் பணம் வீடு கட்ட வைத்திருந்தது. கெலிஓயாவில் பத்துப் பேர்ச் அளவான ஒரு சின்னக் காணியை அக்கா தன் பெயருக்கு வாங்கியிருந்தாள். கொழுந்து பறித்த கையால் சேர்த்தது பாதி, அத்தான் அனுப்பியது பாதி. எங்கள் பரம்பரையில் அதுதான் முதல் காணி. அதுவரை எங்கள் தலைக்கு மேல் இருந்த தகரம்கூடத் தோட்டத்துடையதுதான்.

"ஆள் ஏத்தி ஹயர் ஓடி ஒரே வருஷத்துல வீட்டக் கட்டிருவேன் புள்ள" என்று அத்தான் அக்காவிடம் சொன்னார்.

அந்த ஜீப் எங்களைத் தின்றது. பஸ் ஒன்று குடிக்கும் அளவுக்கு டீசல் குடித்தது. நின்ற இடத்தில் எல்லாம் ஒயில் சொட்டியது. டயர் ஒன்றின் விலைக்கு எங்கள் வீட்டில் தீபாவளியே கொண்டாடிவிடலாம். ஸ்டியரிங் குழாய் ஒருநாள் வெடித்தது. கரும்புகை கக்கியதால் புகைப் பரிசோதனையில் தோற்றது. கீழே குனிந்து பார்த்தால் துருவை மறைக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏற்றத்தில் என்ஜின் சூடேறுகிறது என்றதும், கெலிஓயாவில் கராஜ் வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக், சூட்டைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வைக் கழற்றி எறிந்தார். "இது குளிர் நாட்டுக்காரனுக்கு. எங்களுக்குத் தேவல்ல" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தான் முன்பக்கத்தில் புது எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டத் தவறியதில்லை. ரேடியேட்டர் தண்ணீரைத்தான் மறந்துபோவார்.

என்னோடு தைத்த பிள்ளைக்குக் கல்யாணம். பெண்வீடு தெல்தெனியவில், கோயில் மேலே தோட்டத்தில். மணப்பெண்ணை ஏற்றிப்போக எங்கள் ஜீப்பை ஏற்பாடு செய்தவளே நான்தான். பாதி ஏற்றத்தில் பானட்டின் ஓரமெல்லாம் ஆவி கிளம்பியது. ஜீப் நின்றது. கூறைச்சேலையோடு அந்தப் பிள்ளை வீதியோரக் கல்கட்டின் மேல் உட்கார்ந்தாள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னாங்க, பொண்ணுக்கு முன்னாடி ஜீப்புக்கு வேர்க்குது?" என்றார் பெண்ணின் தாய்மாமன். "இந்தா, சோடா இருக்கு, ஊத்துங்க. அதுக்கும் தாகமா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

அத்தான் சிரிக்கவில்லை. நேரம் போகிறது என்று பின்னால் வேனில் வந்தவர்கள் கத்தக் கத்த, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். பக்கத்துப் பீலியில் வழிந்த குளிர்ந்த தண்ணீரைப் பிடித்து, கொதிக்கிற என்ஜினுக்குள் அப்படியே ஊற்றினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கடைசியில் மணப்பெண் ஒரு த்ரீவீலரில் போனாள்.

கராஜில் நானா தலையை ஆட்டினார். "என்ஜின் ஹெட் வெடிச்சு ஈக்கி. ஆறுற வரைக்கும் நிண்டிருந்தா தப்பியிருக்கும். சூட்டோட பச்சத்தண்ணி ஊத்தலாமா மச்சான்?"

"முகூர்த்தம் நிக்குமா நானா?" என்றார் அத்தான். வால்வைக் கழற்றிய மனிதர் இப்போது அறிவுரை சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பின்னேரம் அத்தான் அக்காவிடம் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டார்.

"அடகு வைக்கத்தான். ஹெட்டப் போட்டுட்டா மூணே மாசத்துல மீட்டுருவேன்."

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "சரி, ஹெட்டப் போட்டாச்சு. அதுக்கப்புறம் என்னா போகும்?"

"ஒண்ணும் போகாது. வருசக்கணக்கா இதே ஜீப்பத்தானே அங்க ஓட்டுனேன். ஒருநாள் ரோட்டுல நின்னதில்ல."

"அங்க யாரு பாத்தா அத?"

"கம்பனியில. சாவியக் குடுத்துட்டு வந்துருவேன். திரும்பப் போறப்ப எல்லாம் சரியா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. அத்தனை வருடமும் அந்த மனிதருக்கு ஸ்டியரிங்கைத்தான் கொடுத்திருந்தார்கள். வாகனம் என்றால் என்ன செலவு என்பதை வேறொருவன் பார்த்துக்கொண்டான். அது தெரியாத ஆள் என்று மோப்பம் பிடித்துத்தான் தரகர் அவர் தலையில் இந்த இரும்பைக் கட்டினார்.

"உறுதி தரமாட்டேங்க" என்றாள் அக்கா. "என்னய வேணும்னா அடகு வையுங்க."

அந்தக் காணியில் இன்று வீடு நிற்கிறது. அதைக் கட்டியவர் லீவில் வந்து, விருந்தாளியைப் போல் பாய் விரித்துப் படுத்துவிட்டுப் போகிறார். நரைத்த தலையோடு இன்னும் கட்டாரில் வேறொருவனின் ஜீப்பை ஓட்டுகிறார். கண்டி வீதியோரம் பளபளவென்று மினுக்கி விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் பழைய ஜீப்புகளைப் பார்த்தால் கல் எடுத்து எறியத் தோன்றுகிறது. அந்தத் தரகர் பல்லேகலயில் இப்போதும் விற்றுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டால் சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை.

அக்கா உறுதி தர மறுத்த அடுத்த நாள் காலையில் நானா ஆள் அனுப்பி, உதிரிப்பாகத்துக்கென்று ஜீப்பை எடுத்துக்கொண்டார். அத்தான் பாஸ்போர்ட்டோடு கண்டி பஸ்ஸில் ஏறி வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குப் போனார்.