டிரைவிங் அக்காவின் பிரெஞ்சு மாணவர்

எங்கள் வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் டிரைவிங் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். சொந்தமாக ஒரு பழைய கார், கூரையில் எல் போர்டு, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக். அந்த பிரேக்கைவிட அவர் தொண்டைக்குத்தான் வேலை அதிகம். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தெருமுனை வரை கேட்கும்.

"கண்ணு எங்க இருக்கு? ரோட்டப் பாருன்னா நெயில் பாலிஷப் பாக்கற!"

இதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர் யாருமில்லை. அவரிடம் கற்றால் லைசென்ஸ் நிச்சயம் என்று பேர்.

கணவர் நேர் எதிர். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைத் தட்டிக்கொடுத்தே பழகிப்போன நாக்கு. வீட்டில் அந்த நாக்குக்கு அவ்வளவாக வாய்ப்பு கிடைப்பதில்லை.

ஒரு நாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ரிவர்ஸ் பழக்க, ஆள் நடமாட்டமில்லாத சந்து ஒன்றுக்குள் அக்கா காரை விடச் சொன்னார். அங்கே சின்னதாக ஒரு பிரெஞ்சு பேஸ்ட்ரி கடை புதிதாக வந்திருந்தது இருவருக்கும் தெரியாது. வாசலில் நிறுத்தியிருந்த பலகை காருக்கு அடியில் போய் மடாரென்று மடங்கிய பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர் ஓடிவந்தார். நெட்டையான பிரெஞ்சுக்காரர், முழங்கை வரை மாவு. முந்திக்கொள்வது நல்லது என்று அக்கா கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். அவரோ பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த வங்கிப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். சண்டைக்கு ஆள் கிடைக்காமல் அக்காவும் பின்னாலேயே போனார்.

உள்ளே மூன்றே மேசை. கண்ணாடிப் பெட்டிக்குள் பண்டங்கள் நகைக்கடையில் இருப்பதுபோல இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்திருந்தன. பிறை மாதிரி வளைந்த வெண்ணெய் ரொட்டி, ஆளுக்கொரு குரோசான் வந்தது. அக்கா கடித்தார். பொருபொருவென்று உதிர்ந்து மடியெல்லாம் கொட்டியது. மிச்சத்தைப் பிய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, உள்ள ஒண்ணையும் காணோம்? வெறும் காத்து!"

கல்லாவில் இருந்த பெண்ணுக்கு வியர்த்துவிட்டது. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று முதலாளி துளைத்தெடுக்க, வேறு வழியின்றி மொழிபெயர்த்தாள். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. மாவை அடுக்கடுக்காக மடிப்பதே அந்தக் காற்றுக்காகத்தானாம். இந்த ஊரில் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் இவர்தானாம். அக்காவும் கண்டுபிடித்தவர் மாதிரியே தலையை ஆட்டி வைத்தார்.

பிறகு கடைக்காரர் வாசலில் நின்ற காரின் எல் போர்டைக் காட்டி ஏதோ கெஞ்சினார்.

"கார் ஓட்டக் கத்துக்கணுமாம் அக்கா. வெண்ணெய் கொண்டு வர்ற ஆளு ஊரெல்லாம் சுத்திட்டு உருக்கிக் கொண்டாந்து கொடுக்கிறானாம். இனிமே தானே போய் வாங்கப் போறாராம்."

"பாஷைக்கு என்ன பண்றது?"

"அதையும் உங்ககிட்டயே கத்துக்கறாராம்."

அப்படியே ஆயிற்று. அக்கா வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் அவர் பாடம் என்று எடுத்துக்கொண்டு, கியர் மாற்றும்போதெல்லாம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சில வாரத்தில் கல்லாப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, முதலாளிக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"கிளட்ச், பிரேக்கு. ஏன்?"

"எதை வாங்கறதுன்னு யோசிச்சிட்டிருந்த ஒரு பெரியம்மாகிட்ட, சிரிச்ச முகமா, ‘ஏன் எருமை மாதிரி நடுவுல நிக்கிற? எடு எடு, பின்னாடி ஆள் வருது’ன்னுட்டாரு!"

அக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. நல்ல வார்த்தையாக நாலு சொல்லிக் கொடுப்போம் என்று இரவு சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ‘டா’வில் போய் முடிந்தது.

"நான் வேணா வரட்டுமா?" என்றார் கணவர், தட்டைப் பார்த்தபடி.

மறுநாள் முதல் மாலையில் வேலை முடிந்ததும் அவர் பேஸ்ட்ரி கடைக்குப் போய்ப் பாடம் நடத்தினார். கடைக்காரரும் கவனமாகக் கற்றுக்கொண்டார். அதே பெரியம்மா, ஒரு கை பார்த்துவிடுவது என்று மறுபடி வந்தபோது, கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து சொன்னார்:

"வாங்கம்மா, உக்காருங்க. பயப்படாதீங்க. வாய நல்லாத் திறங்க. ஒரே நிமிஷம், வலிக்கவே வலிக்காது."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி எலுமிச்சை டார்ட்டில் விழுந்தது. மறுநாள் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பட்டாளத்தோடு வந்து இறங்கினார்.

லைசென்ஸ் தேர்வு நாளும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டதைக் கண்டு, "பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று பிரெஞ்சுக்காரர் ஆறுதல் சொன்னார். அதிகாரி பிடியை இன்னும் இறுக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. வண்டியை அழகாக நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி, அக்காவின் பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

அதிகாரி மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "டிரைவிங் அக்காகிட்டயா கத்துக்கிட்டீங்க?"

"ஆமாடா!"

அதிகாரி அங்கேயே தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கல்லாப் பெண் திருமணமாகி வேறு ஊர் போய்விட்டாள். பல் மருத்துவமனையை விட்டு வந்த அக்காவின் கணவர்தான் இப்போது கல்லாவில். நாள் முழுக்கப் பேசுகிறார், இடுப்புச் சுற்றளவும் கூடிவிட்டது. கடைசி வகுப்பை முடித்துக்கொண்டு அக்கா அங்கே வருகிறார். வீட்டுக்காரரைக் கூட்டிப்போக வந்தேன் என்பார். ஆனால் ஒரு டார்ட் முழுதாக உள்ளே போகும் வரை அவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை.